தண்ணீர் குடிக்கும் படகு

செப்டம்பர் 2, செவ்வாய்

இதனால் சங்குமுனை ஊராருக்கும், ஊர்க்கழியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மடவை, கெளுத்தி உள்ளிட்ட மீன்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை இட்லி வேகும் நேரத்தில் எங்கள் வீட்டில் உயர்மட்டப் படகு வாங்கும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் திரு. கயத்தான், அதாவது என் அப்பா. ஆலோசகர் செல்வி ஜெனிட்டா, அதாவது என் அக்கா. மூன்றாவது உறுப்பினர் பதினொன்றாம் வகுப்பின் அறிவுச்சுடர் ஆக்னல், அதாவது நான். எனக்கு ஒதுக்கப்பட்ட துறை, தண்ணீர் பாட்டில் சுமப்பது.

இந்த அநியாயத்தை எழுதிவைக்கத்தான் இந்த நாட்குறிப்பையே தொடங்குகிறேன். படகைப் பற்றி இந்த வீட்டில் அதிகம் தெரிந்தவன் நான். யூடியூபில் வேக்போர்டு படகு பற்றி எவ்வளவு உண்டோ அவ்வளவும் பார்த்துவிட்டேன். வேதியியல் புத்தகத்துக்கு நடுவில் செல்போனை வைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது யாருக்குப் புரியப்போகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் என் ரசிகர்களுக்காக ஒரு விளக்கம்.

வேக்போர்டு என்றால் காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு, படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து இழுபட்டுப் போவது. படகு பின்னால் ஒரு அலையை விட்டுக்கொண்டே போகும். அந்த அலைமேல் ஏறி, வானத்தில் எகிறி, குட்டிக்கரணம் போட்டு, மறுபடி தண்ணீரில் நிற்க வேண்டும். அப்பா கடல் தொழிலை விட்டுவிட்டு, கழியில் சுற்றுலாக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டத் தொடங்கிய வருடம், ஒரு வெள்ளைக்காரர் பழைய பலகை ஒன்றை விட்டுப்போனார். அக்கா அதை எடுத்துக் காலில் மாட்டினாள். அன்றிலிருந்து அவள் கால் தரையில் இல்லை.

போன வருடம் மாநில அணித் தேர்வுப் போட்டிக்குப் போனாள். கடைசிக்கு முந்தின இடம். காரணம் அவள் இல்லை, எங்கள் வள்ளம். அது விடும் அலை, கஞ்சியை ஊதினால் வருமே, அந்த அளவு. அங்கே போய் முதன்முதலாக நிஜமான அலையைப் பார்த்ததும் மிரண்டுவிட்டாள். இந்த நவம்பரில்தான் ஜூனியர் பிரிவில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதற்குள் ஒழுங்கான படகில் பழக வேண்டும். இல்லாவிட்டால் நாகர்கோவிலில் நர்சிங் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோழி அறுத்தாலே கொல்லைப்பக்கம் ஓடுகிறவள் அக்கா. நோயாளிகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

அப்பா விசைப்படகில் வைத்திருந்த பங்கை விற்றுவிட்டார். இந்தக் காசுக்கு ஒரு படகு வாங்கலாம். ஒன்றுதான். இரண்டாம் கை.

போட்டியில் இரண்டு. சென்னையில் மாசிலாமணி என்பவரிடம் ஒரு வெள்ளைப் படகு. கொல்லத்தில் குரியாச்சன் என்பவரிடம் ஒரு நீலப் படகு. இரண்டு பேரும் போனில் தங்கள் படகைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல் இருக்கிறது. குறையே கிடையாது, குடிப்பழக்கம் அளவோடு.

நானும் பலகையில் நிற்பேன். மூடு வருவதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 6, சனி

சென்னை. பஸ்ஸில் இரவெல்லாம் அப்பாவின் தோள் என் கன்னத்தில் அச்சடித்த தழும்போடு போய் இறங்கினோம்.

மாசிலாமணிக்குப் பெயரில்தான் மாசு இல்லை. வந்தவுடன் இளநீர், பிஸ்கட், ஏசி அறை. அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். அதைப் பார்த்து மாசிலாமணியின் உதவியாளன் உதட்டைச் சுளித்தான். எனக்குச் சுரீர் என்றது. அவனைத் தனியே கூப்பிட்டு, அப்பா கப்பல்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எளிமையை விரும்புவார், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார் என்று காதில் ஓதினேன். ஐந்து நிமிடத்தில் மாசிலாமணி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அப்பா பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைப் படகு அழகுதான். உப்பங்கழியில் ஓட்டிக் காட்டினார்கள். அப்பா முன்பக்கம் பார்க்கவே இல்லை. பின்னால் போய்க் குந்தி, படகு விட்டுப்போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கடலில் கிடந்த ஆள் படகு பார்க்கும் முறை அது. முகம் எல்லாப் படகுக்கும் அழகாகத்தான் இருக்கும், அதன் புத்தியைப் பின்னால் பார் என்பார். அலையை இழுத்துக்கொண்டு போகிற படகு எண்ணெயைக் குடிக்கும், ஆளையும் கவிழ்க்கும். இந்த வெள்ளைப் படகோ தண்ணீரில் கோடு போட்டதுபோல் போனது. பின்னால் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் ஞானஸ்நானப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

அக்கா பலகையோடு தண்ணீரில் ஒரு சுற்று போய்விட்டு வந்து, துவட்டாமலே சொன்னாள்.

“அப்பா, எனக்கு அலை வேணும்.”

“ஏட்டி, அலை வேணும்னா கடலுக்குப் போ. படகுல எதுக்கு அலை?”

அவள் என்னைப் பார்த்தாள். வீடியோ நிபுணன் ஏதாவது சொல்வான் என்று. எனக்கு மாசிலாமணி மூன்றாவது இளநீர் கொடுத்திருந்தார். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றேன். இளநீருக்கும் இந்தக் கருத்துக்கும் தொடர்பு இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசையில் தூங்கினேன். சாமியார் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் பெரிய மனதோடு விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்கிரமம். மாசிலாமணி போன் செய்து வெள்ளைப் படகின் விலையைக் கூட்டிவிட்டார். முதலில் சொன்னது பொதுமக்களுக்கான விலையாம். கமாண்டர் சார் தகுதிக்கு உயர்தர இருக்கை உறை, இசைப்பெட்டி எல்லாம் சேர்த்துத்தான் கொடுப்பாராம். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அந்தக் கமாண்டர், அவருக்கும் சேர்த்து நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விலை ஏன் ஏறியது என்று எனக்கும் தெரியவில்லை. வியாபாரிகளை நம்பவே கூடாது.

செப்டம்பர் 13, சனி

கொல்லம். இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிற்காலத்தில் வழக்கு வந்தால் உதவும்.

பஸ்ஸில் நான் அக்காவிடம், தம்பியும் ஒருநாள் பலகையில் நிற்பான் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அதற்கு அவள், “நீ பலகைல நின்னேன்னா நான் மொட்ட போடுதேம்ல” என்றாள். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. முன் சீட்டுக் கிழவி திரும்பி என் கால்களைப் பார்த்து, அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினாள். இந்த அவமானம் பதிவு செய்யப்படுகிறது.

குரியாச்சன் சட்டையில்லாமல், கழுத்தில் துண்டோடு இருந்தார். இளநீர் இல்லை. ஏசி இல்லை. அவருடைய படகோட்டி தங்கப்பன், அறுபது வயது இருக்கும், தொங்குமீசை. அவர்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் மரவள்ளிக் கப்பை வறுவல் கொடுத்து, பின்பக்கமாகப் பார்த்திருக்கும் சீட்டில் உட்கார வைத்தார். கயிற்றில் வருபவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சீட்டாம் அது. தண்ணீர் பாட்டில் சுமந்தவனுக்குப் பதவி உயர்வு. பக்கத்திலேயே வரிசையாகக் கறுப்புப் பொத்தான்கள்.

பிறகு தங்கப்பன் ஒரு பொத்தானைத் தட்டினார். படகுக்குள் எங்கோ குடகுடவென்று சத்தம். நீலப் படகு மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. அப்பா துள்ளி எழுந்தார்.

“ஓட்டப் படகு. ஏட்டி, எறங்கு.”

ஓட்டை இல்லை, அலை பெரிதாக வருவதற்காகப் படகின் வயிற்றில் இருக்கும் பைகளில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்புகிறோம், பாரம் கூடினால்தான் படகு தண்ணீரை அழுத்தும் என்று குரியாச்சன் பொறுமையாகச் சொன்னார். அப்பா அவரை, கிறுக்கு முற்றியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உள்ள வந்த தண்ணிய வெளிய எறைக்கத்தான் எங்கப்பன் எனக்குச் சொல்லிக்குடுத்தாவ. நீங்க காசு வாங்கிக்கிட்டு உள்ள எறைக்கியளே, அண்ணாச்சி.”

பைகள் நிரம்பின. அந்த நேரம் பார்த்து மழை. எல்லாரும் கரையில் கொட்டகைக்குள் பருப்புவடையும் சாயாவும் சாப்பிடப் போனார்கள். அக்கா மட்டும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, நீலப் படகையே பார்த்தபடி, வடையைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். நான் படகின் கூரைக்கடியிலேயே இருந்தேன். சும்மாதான் இருந்தேன். கைகள் மடியில் இருந்தன. படகின் விலாவில் இருக்கும் ஓட்டையிலிருந்து தண்ணீர், தூணைக் கண்ட நாய்போல, நெடுநேரம் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. மழையோடு மழையாக அழகாக இருந்தது.

மழை விட்டது. தங்கப்பன் வந்து படகை எடுத்தார். எடுத்ததும் புருவத்தைச் சுருக்கி, ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரியாச்சன் போகச் சொல்லிக் கைகாட்டினார். அக்கா கயிற்றைப் பிடித்து எழுந்தாள். பெரிய அலை வரப்போகிறது என்று முழங்காலை மடக்கி, தூரத்திலிருந்து வேகமாக வெட்டிக்கொண்டு வந்து எகிறினாள். எகிற அங்கே ஒன்றும் இல்லை. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவன்போல் முகம் குப்புற விழுந்தாள்.

நான் சிரித்தேன். பிறகு அவள் தலை மேலே வந்தபோது உதட்டில் ரத்தம் இருந்தது. மறுபடி எழுந்தாள். மறுபடி எகிறிப் பார்த்தாள். மூன்றாவது தடவை கயிற்றை விட்டுவிட்டாள்.

குரியாச்சன் என்னவோ ஏதோ என்று மலையாளத்தில் தங்கப்பனிடம் கத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வரவழைத்து ஏமாற்றியவருக்குக் கோபம் வேறு. மாபெரும் மோசடி.

செப்டம்பர் 14, ஞாயிறு

என் மனசாட்சி கொதித்தது. குரியாச்சன் கடையின் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினேன். ‘அலை வரும் என்றார்கள். ஆள்தான் விழுந்தது. இந்தப் படகைவிட எங்கள் வீட்டுக் குளியல் வாளியில் அலை அதிகம். படகோட்டி மீசையில் காட்டும் அக்கறையை வேலையில் காட்டலாம்.’ நகைச்சுவையும் நீதியும் கலந்த நடை. வகுப்புப் பையன்கள் நான்கு பேருக்குக் காட்டினேன். நான்கு பேரும் சிரித்தார்கள்.

அக்காவுக்குக் காட்டவில்லை. உதடு வீங்கியிருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாசிலாமணியை மடக்கிவிட்டேன். என் யோசனைப்படி அப்பா போன் செய்து, கமாண்டர் இறந்துவிட்டார், நான் அவருக்குச் சொந்தக்காரன் என்று சொன்னார். உயர்தர இருக்கை உறை, இசைப்பெட்டி எல்லாம் வேண்டாம், மொட்டைப் படகு போதும் என்றார். விலை பழைய இடத்துக்கு வந்தது. அதற்கும் கீழே ஒரு படி இறக்கினோம். முன்பணம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும், வேறு ஒரு கட்சி காத்திருக்கிறது என்று மாசிலாமணி மிரட்டினார். அந்தக் கட்சியை அவர் அவ்வப்போது தேவைக்குப் பெற்றெடுக்கிறார் என்பது என் ஆய்வு.

இவ்வளவு பெரிய வெற்றி. வீட்டில் ஒரு கைதட்டல் இல்லை. அப்பா அக்காவிடம் போய், வெள்ளைப் படகை முடித்துவிடலாமா என்று கேட்டார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எதுன்னாலும் சரிப்பா. நம்ம வெலைக்கு அலை வராது. அது எனக்கு வெளங்கிட்டு.”

“சண்ட போடுவேன்னு நெனச்சேன்.”

“எதுக்கு? வள்ளத்துக்குப் பதிலா அது நல்ல படகுதான. நீங்க சவாரிக்கு வச்சுக்கிடுங்க.”

அப்பாவுக்கு அவர் விரும்பிய படகு கிடைத்துவிட்டது. ஏன் அப்படி நின்றார் என்று தெரியவில்லை, அடுப்படி வாசலில், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு.

சாயங்காலம் அக்கா பலகையைத் துடைத்து, வலை வைக்கும் கொட்டகையில், எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டினாள். பிறகு அம்மாவிடம் போய் நர்சிங் விண்ணப்பத்தைக் கேட்டாள்.

இதற்கு நான் என்ன செய்ய முடியும். எல்லாம் குரியாச்சனைக் கேளுங்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

வேதியியல் தேர்வு. வேதியியலுக்கும் எனக்கும் இடையில் எந்த வினையும் நிகழவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கப்பை வறுவல் பொட்டலம் பையில் பாதி மிச்சம் இருந்தது. நமத்துவிட்டது. கோழிக்குப் போட்டேன்.

செப்டம்பர் 20, சனி

மதியம் குரியாச்சன் அப்பாவை அழைத்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டார் அப்பா. அக்கா அறையை விட்டு வரவில்லை.

குரியாச்சனின் மகள் என் விமர்சனத்தைப் படித்துக் காட்டினாளாம். இருபது வருடத்தில் ஒருவரும் தன் கடையைப் பற்றி அப்படி எழுதியதில்லை என்றார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரல் சுருங்கிப்போயிருந்தது. விசாரித்துவிட்டாராம். அன்றைக்குப் படகின் பைகள் காலியாக இருந்திருக்கின்றன. தங்கப்பன் நிரப்பிவிட்டு, வயதின் மறதியில் காலி செய்யும் பொத்தானையும் தட்டியிருக்க வேண்டும். அந்த ஆளைப் படகிலிருந்து இறக்கிவிட்டேன், இப்போது படகு ஏற்றும் டிரெய்லர் கழுவுகிறான் என்றார். தன் செலவிலேயே படகைச் சங்குமுனைக்குக் கொண்டுவந்து, எங்கள் கழியிலேயே ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மகள் ஒருமுறை அந்த அலையைப் பார்த்துவிடட்டும் என்றார்.

அப்பாவுக்கு மறுப்பு சொல்ல வாய் வந்தது. தண்ணீர் குடிக்கும் படகு அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கொட்டகையின் ஆணியை ஒருதரம் பார்த்தார். வாங்க அண்ணாச்சி என்றார்.

பிறகு மாசிலாமணிக்குப் போன் செய்து ஒரு வாரம் தவணை கேட்டார். காத்திருந்த கட்சிக்கே கொடுத்துவிடுகிறேன் என்று வைத்துவிட்டார் அவர். ஆக, கையில் ஒரு படகும் இல்லை.

என் பேனாவின் வலிமையைக் கவனியுங்கள். ஒரே ஒரு விமர்சனம், கொல்லத்திலிருந்து ஒரு படகையே இழுத்துக்கொண்டு வருகிறது. நான் பெருமைப்பட வேண்டும். பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சோறு மட்டும் இறங்கவில்லை. அம்மா குழம்பில் உப்பு தூக்கல்.

செப்டம்பர் 27, சனி

வரலாற்று நாள்.

நீலப் படகு டிரெய்லரில் வந்து இறங்கியது. ஊரே கரையில். குரியாச்சன் இன்று சட்டை போட்டிருந்தார். தங்கப்பன் வரவில்லை.

பைகளில் தண்ணீர் ஏறியது. ஊர்க்காரர்கள் ஓட்டை ஓட்டை என்று கத்தினார்கள். அப்பா, தானே கண்டுபிடித்தவர்போல, பாரத்துக்குத்தான் என்று அவர்களுக்கு விளக்கினார். படகு புறப்பட்டது. பின்னால் அலை எழுந்தது. எழுந்தது என்றால், என் இடுப்பளவு. வழவழவென்று, ஓரம் வெள்ளையாக, உடையாமல் படகோடு கூடவே வந்தது. படகில் பின்பக்கம் பார்த்துக் குந்தியிருந்த அப்பா, எவ்வளவு எண்ணெய் வீண் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அக்கா ஆணியிலிருந்து பலகையை எடுத்துவந்திருந்தாள். முதல் இரண்டு தடவை அலைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஓரத்திலேயே வந்தாள். மூன்றாவது தடவை வெட்டிக்கொண்டு வந்து ஏறினாள். அலை அவளைத் தூக்கி எறிந்தது. மேலே, பனைமரக் குருத்துக்குப் பக்கத்தில் அவள் கால் போனதை நான் பார்த்தேன். அங்கே கொஞ்ச நேரம் வேலை இருப்பதுபோல் நின்றாள். பிறகு இறங்கி, தண்ணீரில் நின்று, போய்க்கொண்டே இருந்தாள்.

அப்பா நெற்றியில் அடிப்பதை நிறுத்திவிட்டார். துண்டால் முகம் துடைத்தார். உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டதாம்.

கரையில் பேரம். குரியாச்சன் தன் வாயாலேயே விலையை நன்றாகக் குறைத்தார். உங்களுக்கு நடந்த சங்கடத்துக்கு என்றார். விமர்சனம் எழுதியது யார் என்று கேட்க, அப்பா என்னை முன்னால் தள்ளி, என் மகன்தான், படிக்கிற பையன் என்றார். ஊரே என் முதுகில் தட்டியது. எனக்குப் புது செல்போன் வாங்கித் தருவதாக அப்பா எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பரோட்டாவும் கிடைத்தது.

நாளை பூசை முடிந்து பணம் கைமாறும். இத்துடன் இந்த நாட்குறிப்பு, நாயகனின் முழு வெற்றியோடு நிறைவடைகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

நிறைவடையவில்லை.

பூசை முடிந்து குரியாச்சன் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஆப்பம் வைத்தாள். அப்பா பணப்பையை எடுத்துவந்தார். அப்போது குரியாச்சன், குறைத்த தொகை தனக்கு நட்டமில்லை, இந்த விற்பனையில் தங்கப்பனுக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்து பிடித்துக்கொள்வேன் என்று, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைக் கோணினார். இல்லை, அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், கேளுங்கள் என்று குரியாச்சன் போனைப் போட்டார்.

தங்கப்பன் குரல் வந்தது. படகு நன்றாக ஓடியதா என்றுதான் முதலில் கேட்டார். மகள் எகிறினாளா என்றார். பிறகு, மன்னிக்க வேண்டும், நிரப்பினது நன்றாக ஞாபகம் இருக்கிறது, காலி செய்தது ஞாபகமில்லை, வயசாயிட்டு, தலை பழையதுபோல் இல்லை, இனி படகைத் தொட பயமாக இருக்கிறது என்றார்.

அவர் தலை நன்றாகத்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் நான்.

சொன்னால் குரியாச்சன் எழுந்து டிரெய்லரில் படகைக் கட்டிக்கொண்டு போகலாம். சென்னைப் படகும் இல்லை. அக்கா ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, முந்தின நாள் எகிறினதை இரண்டு விரலால் மேசைமேல் மறுபடி எகிற வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு வாய் திறந்துவிட்டது.

“அவரு அமுக்கல. நாந்தான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போனில் தங்கப்பன் இன்னும் இருந்தார்.

மழை பெய்தபோது, அவர்கள் வடை தின்றபோது, கீழ்நோக்கிய அம்பு போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். அக்கா பஸ்ஸில் என்னைக் கேலி செய்ததற்காக. பெரிய அலை இருக்கிறது என்று ஓடிவந்து அவள் முழிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். உதடு கிழிவதோ, பலகை ஆணியில் ஏறுவதோ திட்டத்தில் இல்லை. இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. மூக்கு ஒழுகியது.

குரியாச்சன் ஆப்பத் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, “எடா மோனே, அந்த மீச விஷயமும் நீதானே எழுதினது” என்றார். தலையாட்டினேன். போனில் தங்கப்பனின் சிரிப்பு கேட்டது. முதலில் மெல்ல, பிறகு இருமல் வரும்வரை. அவருக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. தலை சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பணப்பையை எடுத்து, ஒரு நோட்டுக்கட்டை அதில் கூடுதலாக வைத்து, குரியாச்சன் பக்கம் தள்ளினார்.

“மொதல்ல சொன்ன வெலதான் வெல, அண்ணாச்சி. குடுக்கதும் குடுக்காததும் இனி ஒங்க இஷ்டம்.”

குரியாச்சன் அக்காவைப் பார்த்தார். அவள் விரல்கள் மேசைமேல் அப்படியே நின்றிருந்தன. பையை எடுத்துக்கொண்டார். தங்கப்பனே ஒரு வாரம் வந்து தங்கி, படகை ஓட்டக் கற்றுத்தருவார் என்றார். போகும்போது என் காதைப் பிடித்து ஒரு திருகு. கொல்லம் முழுவதும் என் கண்ணில் தெரிந்தது.

புது செல்போன் கிடையாது. பழைய செல்போனும் கிடையாது. விமர்சனத்தை அழித்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு, மீசையைப் பற்றித் தனியாக இரண்டு வரி நல்லபடியாக எழுதிய பிறகுதான் அதை அப்பா பிடுங்கிக்கொண்டார்.

அக்கா இதுவரை என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தங்கப்பன் வந்து மூன்று நாளாகிறது. எனக்கு வறுவல் கொண்டுவந்தார். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டு, பொத்தானை அமுக்காத கையால் வாங்கிக்கொள் என்றார்.

படகின் இடப்பக்கப் பை ஒன்று லேசாகக் கசிகிறது. புதுப் பை வரும்வரை அந்தப் பக்கம் யாராவது பாரமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அலை சாய்ந்துவிடும். தினமும் நான்தான் உட்காருகிறேன். அப்பாவின் கட்டளைப்படி இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி. கரையில் என் வகுப்புப் பையன்கள் நின்று பார்க்கிறார்கள். அன்றைக்குச் சிரித்த அதே நான்கு பேர். இன்றும் சிரித்தார்கள்.

அக்கா இன்று பேசினாள். ஓட்டம் முடிந்ததும் பலகையை என் காலடியில் போட்டு, “எறங்குல. மூடு வந்துட்டா?” என்றாள்.

இறங்கினேன். கயிறு இழுத்தது. மற்றதைத் தங்கப்பனின் இருமல் சொல்லும்.

எனவே, இந்த நாட்குறிப்பில் முன்னால் எழுதியவற்றில் சில திருத்தங்கள். மாசிலாமணியின் விலை ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். கைகள் மடியில் இருக்கவில்லை. அம்மாவின் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. மூடு என்று நான் சொல்லிவந்தது பயம். பலகையில் இன்றுவரை ஒரு நொடிகூட நான் நின்றதில்லை. பயிற்சி தொடரும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவள் தலைமுடிக்கு இப்போதைக்கு எந்த ஆபத்தும் இல்லை.